நடந்து கரைத்ததைத் திரும்பச் சாப்பிடலாமா?

காலை ஆறு மணிக்கு சிவாஜி பார்க்கையோ மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸையோ ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், தமிழ்க் குரல் காதில் விழாமல் இருக்காது. செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவலியிலும் இதே கதைதான். முன்பெல்லாம் நடைப்பயிற்சிப் பேச்சு ஊர்ச் செய்தி, பிள்ளைகளின் படிப்பு, பெண்ணுக்கு வரன் என்று போகும். இப்போது அதில் கலோரியும் சேர்ந்துகொண்டுவிட்டது. "இன்னிக்கு முந்நூறு கலோரி எரிச்சாச்சு" என்று ஒருவர் மணிக்கட்டைக் காட்டுகிறார். "அப்படின்னா ஒரு மசால் தோசை சாப்பிடலாம் சார், கணக்கு சரியாப் போயிடும்" என்கிறார் கூட வருபவர்.

வேடிக்கைப் பேச்சானாலும் இதற்குள் நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. எடை குறைய வேண்டும் என்று சாப்பாட்டை அளந்து சாப்பிடுகிறோம். அதோடு நடக்கவும் செய்கிறோம். அந்த நடையில் செலவான கலோரியைத் திரும்பச் சாப்பிட்டு ஈடுகட்டலாமா, கூடாதா?

"சாப்பிட்டால் நடந்ததே வீண்" என்பது ஒரு கட்சி. "சாப்பிடாவிட்டால் உடம்பு தளர்ந்துவிடும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி யாருக்குப் பொருந்தும் என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. சென்னையிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டு நாடு முழுவதும் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புக்கும் இந்த நோய்க்கும் நெருங்கிய உறவு உண்டு என்பது நாம் அறிந்ததே. ஆகவே கணக்கைச் சரியாகப் போடுவது நம் குடும்பங்களுக்கு அவசியம்.

கலோரி என்னும் நாணயம்

ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்தத் தேவையான சக்தியே உணவுக் கணக்கில் நாம் சொல்லும் ஒரு கலோரி. பள்ளிப் புத்தகத்தில் இதையே கிலோ கலோரி என்பார்கள். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4, புரதத்தில் 4, கொழுப்பில் 9 கலோரி என்ற வாய்பாட்டை நமக்குத் தந்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த வில்பர் அட்வாட்டர்.

நம் நாட்டு உணவுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்த நிறுவனத்தின் வேர் தமிழ் மண்ணில்தான் இருக்கிறது. 1918-இல் நீலகிரிக் குன்னூரில் சர் ராபர்ட் மெக்காரிசன் ஒரு சிறிய ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இட்லியிலும் பருப்பிலும் என்ன இருக்கிறது என்று நாம் புரட்டிப் பார்க்கும் அட்டவணைகளை வெளியிட்டவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன்.

உடம்பின் மாதச் செலவு

ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் போல உடம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. வீட்டு வாடகையைப் போலத் தவிர்க்க முடியாத செலவு ஒன்று இருக்கிறது. நாம் அசையாமல் படுத்திருந்தாலும் இதயம் துடிக்க வேண்டும், மூளை வேலை செய்ய வேண்டும், உடம்பு சூடாக இருக்க வேண்டும். சாதாரணமாக வாழ்கிற ஒருவரின் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் இதற்கே போய்விடுகிறது. சாப்பிட்டதைச் செரிப்பதற்குச் சுமார் 10 சதவீதம். மிச்சம் உள்ளதுதான் நடப்பது, நிற்பது, மாடி ஏறுவது, துணி உலர்த்துவது எல்லாம். காலை நடை இந்த மூன்றாவது பங்கில் ஒரு பகுதி மட்டுமே.

தவிர்க்க முடியாத அந்தச் செலவை நீங்களே மதிப்பிடலாம். எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழித்துவிடுங்கள். ஆணானால் 5 கூட்டுங்கள், பெண்ணானால் 161 கழியுங்கள். இது 1990-இல் அமெரிக்காவில் வெளியான சூத்திரம். உட்கார்ந்த வேலைக்காரர்கள் வந்த விடையை 1.2-ஆல் பெருக்கினால் நடைப்பயிற்சி இல்லாத நாளின் மொத்தச் செலவு கிடைக்கும்.

உதாரணமாக 45 வயது, 80 கிலோ எடை, 168 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஆணுக்கு 1,630 வருகிறது. அதை 1.2-ஆல் பெருக்கினால் சுமார் 1,950. அதே வயதில் 70 கிலோ எடையும் 155 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெண்ணுக்குச் சுமார் 1,280. மொத்தச் செலவு 1,540. மேல்நாட்டுச் சூத்திரங்கள் இந்தியர்களுக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் வரை கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் வயல் வேலை பார்த்த நம் பாட்டனார் சாப்பிட்ட தட்டு நம்மிடம் அப்படியே இருக்கிறது. வயல்தான் இல்லை.

ஒரு மணி நேர நடைக்கு எவ்வளவு?

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1 கலோரி செலவாகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் நடந்தால் அதைப் போல் சுமார் மூன்றரை மடங்கு செலவாகும். சிவாஜி பார்க்கின் சுற்றளவு ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். நான்கு சுற்று வந்தால் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

நாம் பார்த்த 80 கிலோக்காரருக்கு இது 280 கலோரி. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் அவர் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்திருந்தாலும் 80 கலோரி செலவாகியிருக்கும். அது ஏற்கெனவே அன்றாடச் செலவான 1,950-க்குள் அடங்கியிருக்கிறது. ஆகவே நடையால் வந்த கூடுதல் செலவு 200 மட்டுமே. பல கருவிகள் மொத்தத்தை, அதாவது 280-ஐத்தான் காட்டுகின்றன. அதை அப்படியே வரவு வைத்தால் ஒரே தொகையை இரண்டு முறை எழுதியதாகிவிடும்.

200 கலோரி என்பது எவ்வளவு? ஒரு கோப்பை காப்பியில் 100 மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் இருந்தால் சுமார் 105 கலோரி. ஆக இரண்டு காப்பி. அல்லது ஒன்றரை மேசைக்கரண்டி நெய். ரயில் நிலையத்து வாசலில் வாங்கும் ஒரு வடா பாவ் 300 கலோரியைத் தொடும். ஓட்டல் மசால் தோசை அதற்கும் மேலே போகலாம். ஒரு மணி நேரம் வியர்க்க நடந்ததை ஐந்து நிமிடத்தில் திரும்பச் சம்பாதித்துவிடலாம் என்பதுதான் இதிலுள்ள சோதனை.

கடிகாரம் சொல்வது வேதவாக்கா?

இதயத் துடிப்பை எண்ணிச் சொல்வதில் கைக்கடிகாரக் கருவிகள் ஓரளவு கெட்டிக்காரத்தனமானவை. கலோரி விஷயத்தில் அப்படி அல்ல. 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 60 பேரின் கையில் ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். கலோரிக் கணக்கில் மிக நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம் தவறியது. ஜிம்மில் உள்ள ஓடும் இயந்திரத்திலும் எச்சரிக்கை வேண்டும். அது உங்கள் எடையைக் கேட்காமலேயே கணக்குச் சொன்னால் அந்தக் கணக்கு உங்களுடையது அல்ல. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் செலவு இன்னும் குறையும்.

உடம்பு செய்யும் சிக்கனம்

இன்னொரு விஷயம் பலருக்கும் வியப்பாக இருக்கும். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் ஹட்ஸா என்னும் வேட்டைச் சமூகத்தார் இருக்கிறார்கள். நாள்தோறும் பல கிலோமீட்டர் நடந்து, கிழங்கு தோண்டி, தேன் எடுத்து வாழ்பவர்கள். ஹெர்மன் பான்ட்ஸர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இவர்கள் நாளொன்றுக்குச் செலவிடும் கலோரியை அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். உடலளவைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது அது நகரத்து அமெரிக்கர்களின் செலவைவிடப் பெரிதாக மாறுபடவில்லை!

இது எப்படி? ஒரு பக்கம் செலவு கூடும்போது உடம்பு இன்னொரு பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. பண்டிகை மாதத்தில் துணிமணிக்குச் செலவு செய்த குடும்பத்தலைவி, மளிகையில் கொஞ்சம் பிடித்துக்கொள்வதைப் போலத்தான். 2021-இல் 1,754 பேரின் அளவுகளை வைத்து வெளியான ஓர் ஆய்வு, இப்படிச் சராசரியாக 28 சதவீதம் ஈடுசெய்யப்பட்டுவிடுவதாகக் கண்டது. அதாவது நடந்து 100 கலோரி செலவழித்தால் அன்றைய மொத்தச் செலவில் கூடுவது ஏறத்தாழ 72 மட்டுமே.

நாமும் தெரியாமல் இதற்குத் துணை போகிறோம். காலையில் நடந்த களைப்பில் பகலெல்லாம் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை. பக்கத்துக் கடைக்குக்கூட ஆட்டோ. சாப்பாட்டிலும் கை தாராளமாகிறது. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்ற, எடை கூடிய பெண்களை வெவ்வேறு அளவில் உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். மிக அதிகமாகச் செய்த குழுவுக்குக் கணக்குப்படி ஆறு மாதத்தில் 2.7 கிலோ குறைந்திருக்க வேண்டும். குறைந்ததோ 1.5 கிலோ. "நாமதான் நடக்கறோமே" என்ற எண்ணம் எவ்வளவு சாப்பிட வைக்கிறது பாருங்கள்!

இப்போது விடைக்கு வருவோம்

விடை உங்கள் அன்றாட உணவு இலக்கை எப்படி நிர்ணயித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அதற்கு இரண்டு முறைகள் இருக்கின்றன.

முதல் முறை: நடையைச் சேர்க்காமல் இலக்கு வைப்பது. நம் 80 கிலோக்காரரின் செலவு 1,950. தினம் 500 குறைத்து 1,450 என்று வைத்துக்கொள்கிறார். இவர் நடக்கும் நாளில் ஒரு பகுதியைத் திரும்பச் சாப்பிடலாம். எவ்வளவு? கடிகாரம் காட்டியது 280. உட்கார்ந்திருந்தாலும் ஆகியிருக்கும் 80-ஐக் கழித்தால் 200. உடம்பு சிக்கனம் பிடிக்கும் 28 சதவீதத்தையும் கழித்தால் சுமார் 145. அதாவது காட்டியதில் ஏறக்குறையப் பாதி. "பாதியைச் சாப்பிடு, மீதியை மறந்துவிடு" என்று அனுபவசாலிகள் சொல்லும் விதிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

இரண்டாவது முறை: நடையையும் சேர்த்தே இலக்கு வைப்பது. வாரத்தில் பல நாள் நடப்பவர் 1.2-க்குப் பதிலாக 1.375-ஆல் பெருக்குவார். அப்போது மொத்தச் செலவு சுமார் 2,240. 500 கழித்தால் இலக்கு 1,740. இவர் தனியாக எதையும் திரும்பச் சாப்பிடக் கூடாது. ஏனென்றால் நடைக்கு உரிய உணவு ஏற்கெனவே தட்டுக்கு வந்துவிட்டது.

பெரும்பாலோர் இடறுவது இந்த இரண்டையும் கலந்துவிடும்போதுதான். இரண்டாவது முறையில் 1,740 என்று வைத்துக்கொண்டு, கடிகாரம் காட்டிய 280-ஐயும் சாப்பிட்டால் 2,020 ஆகிறது. 500 இருக்க வேண்டிய பற்றாக்குறை 220-ஆகச் சுருங்கிவிடுகிறது. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று எடுத்துக்கொண்டால், மாதம் இரண்டு கிலோ குறையும் என்று நம்பியவருக்கு ஒரு கிலோகூடக் குறையாது. நடுவே கணக்கில் வராத சேவு, முறுக்கு, கல்யாண வீட்டு லட்டு என்று புகுந்துவிட்டால் அதுவும் இல்லை. கடைசியில் "நடந்தும் பிரயோஜனம் இல்லை" என்று நடையையே விட்டுவிடுகிறார்கள். நஷ்டம் அங்கேதான்.

தினமும் ஒரே மாதிரி நடப்பவர்களுக்கு இரண்டாவது முறை எளிது. ஒரு வாரம் நடந்து மறுவாரம் மழையென்று நிற்பவர்களுக்கு முதல் முறை பொருந்தும். நம் மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்குச் சிறிய கணக்கு

மேலே சொன்ன 70 கிலோப் பெண்மணியின் செலவு 1,540. அவரும் "எல்லாரும் சொல்கிற" 500-ஐக் குறைத்தால் கிடைப்பது 1,040. அதில் ஒரு மணி நேரம் நடந்து, அதற்கு எதுவுமே சாப்பிடாமல் இருந்தால் உடம்பின் மற்ற வேலைகளுக்கு மிஞ்சுவது 900 அளவில்தான். இது நல்லதல்ல. நம் பெண்களில் பலருக்கு ஏற்கெனவே இரத்தசோகை. களைப்பு, தலைமுடி உதிர்தல், எரிச்சல், கடைசியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மீந்த சாதத்தை எல்லாம் வழித்துச் சாப்பிடுதல் என்று முடியும். மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1,200-க்கும், ஆண்கள் 1,500-க்கும் கீழே போகாமல் இருப்பது உத்தமம். நம் ஆண் உதாரணத்தின் 1,450-உம் அந்த எல்லையை ஒட்டியே இருப்பதால், நடக்கும் நாளில் அந்தப் பாதியைச் சாப்பிட்டு 1,590-க்கு வருவதே அவருக்கும் நல்லது.

பெண்களுக்கு வேறு வழி இருக்கிறது. சாப்பாட்டில் 250 மட்டும் குறையுங்கள். நடையில் 175 கூடுதலாகச் செலவாகட்டும். திரும்பச் சாப்பிட வேண்டாம். உடம்பின் சிக்கனத்தைக் கழித்தாலும் வாரத்துக்கு முன்னூறு கிராம் அளவில் குறைய வாய்ப்புண்டு. மெதுவாகத்தான் குறையும். ஆனால் தாக்குப்பிடிக்கும்.

சாப்பாட்டில் 250-ஐ எங்கே குறைப்பது என்றால், எண்ணெய்ப் பாத்திரத்திலிருந்து தொடங்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம். அதாவது 270 கலோரி. அதை 3 லிட்டராக்கினால் ஆளுக்கு 70 கலோரி மிச்சம். ருசி அதிகம் கெடாது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்ற தொல்லையும் இல்லை.

இவர்கள் கட்டாயம் சாப்பிட வேண்டும்

சிலருக்கு மேற்சொன்ன கணக்கு பொருந்தாது. அவர்களை எண்ணியே இந்தப் பகுதி.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் முதலில் வருகிறார்கள். இவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் ஆகியவை அறிகுறிகள். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை, அதாவது 15 கிராம் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பார்த்து, வேண்டுமானால் மறுபடியும் சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் எடைக் குறைப்பை நினைத்துத் தயங்கவே கூடாது. இன்சுலின் போடுபவர்கள் நடக்கப் போகும் முன் அளவு 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. அடிக்கடி இப்படி இறங்குகிறது என்றால் தினம் கூடுதலாகச் சாப்பிட்டுச் சமாளிப்பது தீர்வல்ல. மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அபூர்வம்.

அடுத்தது வளரும் பிள்ளைகள். பள்ளி விட்டு வந்து இரண்டு மணி நேரம் பரத நாட்டியமோ நீச்சலோ பாட்மின்டனோ பழகும் பெண்ணிடம் "குண்டாயிடுவே" என்று சொல்லித் தட்டைப் பிடுங்காதீர்கள். பயிற்சிக்கு ஏற்ற உணவு கிடைக்காவிட்டால் உடம்பு மாதவிடாயை நிறுத்திவிடும், எலும்பு பலவீனமாகும். விளையாட்டு வீரர்களிடம் இது அதிகம் காணப்படுவதால், சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்குத் தனிப் பெயர் கொடுத்தே எச்சரித்தது. மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடைக் குறைப்புக் கணக்கில் இறங்கவே வேண்டாம். ஜனவரி மாத மும்பை மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் நீண்ட ஓட்ட நாள்களில் தாராளமாகச் சாப்பிட வேண்டும். தாராவியிலும் துறைமுகத்திலும் நாள் முழுக்கச் சுமை தூக்குகிறவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. அவர் வேலையே பயிற்சி. அறுபது தாண்டியவர்கள் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தசை என்றதும் ஒரு விஷயம் சொல்லத்தான் வேண்டும். 2004-இல் புணே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இலண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் ஒரு மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு இலண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புணேக்காரருக்கு 21.2 சதவீதம். நம்மவர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-லிருந்தே அதிக எடை என்று கணக்கிடுகிறார்கள். இருக்கிற தசையையும் பட்டினியால் இழக்கக் கூடாது.

சாப்பிடுவதானால் எதை?

திரும்பச் சாப்பிட இடமுள்ள அந்த 100, 150 கலோரியைப் புரதமுள்ளதாக எடுத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் சுமார் 110 கலோரி. தாளிக்கும் எண்ணெய் ஒரு ஸ்பூன் என்றால் 45 கூடும். எண்ணெயை அரை ஸ்பூனாக்குங்கள், தேங்காயைப் பேருக்குத் தூவுங்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு அவித்த முட்டை ஒன்று சுமார் 75 கலோரி, 6 கிராம் புரதம். இரண்டு இட்லியும் சாம்பாரும் காலைப் பலகாரமாகவே போகட்டும், அதன் மேல் கூடுதல் வேண்டாம். தாகத்தைப் பசி என்று நினைத்துவிடுவதும் உண்டு. நடந்து வந்ததும் முதலில் தண்ணீர் அல்லது நீர்மோர் குடித்துப் பத்து நிமிடம் பொறுங்கள். உண்மையான பசியானால் அது காத்திருக்கும்.

அரை மணி நேரம் சாதாரணமாக நடந்தவர்களுக்கு ஒரு சுலபமான விதி: எதுவும் திரும்பச் சாப்பிட வேண்டாம். கூடுதல் செலவு 100-க்குள்தான். சாதத்தை அளப்பதில் ஒரு கரண்டி கூடக் குறைய ஆனாலே அது காணாமல் போய்விடும்.

தீர்ப்புச் சொல்வது தராசு

சூத்திரமும் கடிகாரமும் மதிப்பீடுகள்தான். உங்கள் உடம்பின் உண்மையைச் சொல்வது நான்கு வாரத் தராசு. வாரத்தில் இரண்டு மூன்று நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பார்த்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினாலும் இறங்கினாலும் அது பெரும்பாலும் நீரும் உப்பும். முந்தின நாள் அப்பளமும் ஊறுகாயும் சாப்பிட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒரு முறை அளங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

நான்கு வாரத்தில் எடை இறங்கவே இல்லையென்றால், திரும்பச் சாப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால், அல்லது களைப்பும் தூக்கமின்மையும் வந்தால், 150 கலோரி கூட்டிச் சாப்பிடுங்கள். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும் என்பதால் முதல் மாத வேகம் ஆறாம் மாதம் இருக்காது. அது தோல்வி அல்ல, இயற்கை.

நடையைக் கலோரி சம்பாதிக்கும் வேலையாக மட்டும் பார்க்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும் என்று 2020-இல் சொன்னது எடைக்காக மட்டும் அல்ல. தராசு அசையாவிட்டாலும் இரத்த அழுத்தம் குறைகிறது, சர்க்கரை கட்டுப்படுகிறது, தூக்கம் வருகிறது. எடையைப் பெரும்பாலும் சமையலறை தீர்மானிக்கிறது. ஆரோக்கியத்துக்கு இரண்டும் வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால்: நடையைச் சேர்த்து இலக்கு வைத்தவர்கள் திரும்பச் சாப்பிட வேண்டாம். சேர்க்காமல் வைத்தவர்கள் காட்டியதில் பாதியைச் சாப்பிடலாம். சர்க்கரை மருந்து எடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள் இந்தக் கணக்கை விட்டு டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும். மற்றபடி, மசால் தோசை சாப்பிட ஆசையாக இருந்தால் மாதம் ஒரு நாள் ஆசைக்காகவே சாப்பிடுங்கள். நடந்ததற்குக் கூலியாக வேண்டாம்.